முழங்கைக்குள் ஒரு நார்: பேஸ்பால் ரசிகர்கள் ஏன் பிட்சரின் கையைப் பற்றியே பேசுகிறார்கள்?

பேஸ்பால் ஆட்டம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். அமெரிக்காவில் மாலை ஆட்டம் என்றால் நமக்கு விடியற்காலை. காபியோடு இரண்டு வாரம் உட்கார்ந்தால் ஸ்ட்ரைக், பால், அவுட், இன்னிங்ஸ் எல்லாம் தானாகப் புரிந்துவிடும். புரியாமல் இழுப்பது ரசிகர்களின் பேச்சுதான், அதுவும் பந்தை எறியும் பிட்சரைப் பற்றிய பேச்சு. ஜூலைக் கடைசியில் அவர்கள் பேசிக்கொள்வதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நம்ம முதல் பிட்சருக்கு முன்கை இறுக்கமாம். எம்ஆர்ஐ எடுக்கப் போறாங்களாம். போச்சு, இந்த வருஷம் அவ்வளவுதான். டெட்லைனுக்குள்ள ஒரு பிட்சரை வாங்கியே ஆகணும். ஆனா அதுக்கு நம்ம டபுள்-ஏ பையனைக் கேட்பாங்களே!"

முன்கை கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் ஒரு வருடமே எப்படிப் போகும்? வாங்கப் போகும் பிட்சருக்கும், எங்கோ சின்ன ஊரில் ஆடிக்கொண்டிருக்கும் 20 வயதுப் பையனுக்கும் என்ன சம்பந்தம்? நான் புதிதாகப் பார்க்கத் தொடங்கியபோது காயம், இளம் வீரர், வீரர் பரிமாற்றம் மூன்றும் வேறு வேறு விஷயங்கள் என்றே நினைத்திருந்தேன். மூன்றும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. அந்த இடம் பிட்சருடைய முழங்கையின் உட்புறம்.

முதலில் எறிவதைப் பார்ப்போம். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் ஓடிவந்து கையை நீட்டிச் சுழற்றுகிறார். மடங்கிய முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் அது வீச்சு ஆகாது, எறிதல் ஆகிவிடும். அதனால் அவருக்குப் பெரிய அடி விழுவது பெரும்பாலும் கீழ்முதுகில்தான். பும்ராவின் முதுகு நம்மைப் படுத்திய பாடு நினைவிருக்கும். பேஸ்பால் பிட்சருக்கு ஓட்டமே கிடையாது. 10 அங்குல உயரமுள்ள மண்மேட்டில் நின்றபடி ஒரே ஓர் எட்டு எடுத்து வைத்து, 18.44 மீட்டர் தள்ளி, பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டுக்குப் பந்தை எறிய வேண்டும். முழங்கையை எப்படி வேண்டுமானாலும் மடக்கிக்கொள்ளலாம். ஓட்டத்தின் வேகம் இல்லாததால் கால், இடுப்பு, உடம்பு, தோள் என்று கீழிருந்து ஏறிவரும் விசை முழுவதும் சாட்டை நுனிக்கு வருவதுபோலக் கையில் வந்து குவிகிறது.

ஏதாவது ஒரு பிட்சர் எறியும் காட்சியை மெதுவாக ஓடவிட்டு, பாதியில் நிறுத்திப் பாருங்கள். முன்கால் தரையில் பதிந்துவிட்டது. மார்பு பேட்டரைப் பார்க்கத் திரும்பிவிட்டது. ஆனால் கை மட்டும் இன்னும் பின்னாலேயே இருக்கிறது. முழங்கை மடங்கி, முன்கை பின்பக்கமாகச் சாய்ந்து, தரைக்கு இணையாகப் படுத்தே கிடக்கும். பந்தைப் பிடித்த உள்ளங்கை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல்முறை அப்படி நிறுத்திப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கூசியது. கை அந்தத் திசையில் போகவே கூடாது என்றுதான் தோன்றியது. அடுத்த கணம் அது முன்னால் பாய்கிறது. அப்போது தோள் சுழலும் உச்ச வேகம் நொடிக்கு 7,000 டிகிரியைத் தொடும். மனித உடம்பில் அளந்து பார்க்கப்பட்ட அசைவுகளில் இதைவிட வேகமானது கிடையாது என்பார்கள்.

அந்தத் திருப்பத்தில் முழங்கையின் உட்பக்கம் பிளந்து திறந்துகொள்ளப் பார்க்கும். அதைத் திறக்கவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பது மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இணைக்கும் ஒரு சிறிய நார்ப்பட்டை. தசைநார் என்று புத்தகத்தில் இருக்கும், பேச்சில் எல்லோரும் லிகமென்ட் என்றுதான் சொல்கிறோம். ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது முழு வேகத்தில் எறியும் பிட்சரின் முழங்கையில் ஏறக்குறைய 64 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசை விழுவது தெரிந்தது. இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த இதே லிகமென்ட் அதில் பாதி விசையிலேயே அறுந்துபோனது. அப்படியானால் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பிட்சர் காலியாக வேண்டுமே? ஆகாததற்குக் காரணம் முன்கைத் தசைகள். மீதிச் சுமையை அவை பங்கு போட்டுக்கொள்கின்றன. தசை களைத்துப்போனால் அதன் பங்கும் லிகமென்ட்டின் தலையில் விழும்.

"முன்கை இறுக்கம்" என்று கேட்டதும் ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான். லிகமென்ட் பழுதாகும்போது பல பிட்சர்கள் முதலில் உணர்வது முழங்கை வலியை அல்ல, முன்கைத் தசையின் இறுக்கத்தைத்தான். சில சமயம் அது வெறும் தசைப்பிடிப்பாக இருந்து, இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். சில சமயம் செய்தி படிப்படியாக வரும். முதல் நாள் இறுக்கம், மறுநாள் எம்ஆர்ஐ, அப்புறம் "இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கிறோம்" என்ற அறிவிப்பு. அந்த மூன்றாவது செய்தி வந்துவிட்டால் பழைய ரசிகர்கள் நம்பிக்கையை விட்டுவிடுவார்கள்.

இனி 1974க்குப் போக வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியில் டாமி ஜான் என்ற இடது கைப் பிட்சர். அந்த வருடம் ஜூலைக்குள் 13 வெற்றி, 3 தோல்வி. ஜூலை 17 அன்று மாண்ட்ரியால் எக்ஸ்போஸ் அணிக்கு எதிராக ஆடும்போது முழங்கையில் ஏதோ விட்டுப்போனது. அந்தக் காலத்தில் இதற்குப் பெயர்கூடக் கிடையாது. "கை செத்துப்போச்சு" என்பார்கள், பிட்சர் வீட்டுக்குப் போய்விடுவார். அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்றார். டாமி ஜானின் வலது முன்கையிலிருந்து, தசையை எலும்போடு கட்டும் ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கையின் எலும்புகளில் துளையிட்டு, அதைக் கோத்துப் புது லிகமென்ட்டாகக் கட்டுவது. மறுபடி பிட்ச் செய்ய நூற்றில் ஒரு வாய்ப்பு என்று ஜோப் சொன்னார். செப்டம்பர் 25 அன்று சிகிச்சை நடந்தது.

அதில் எடுத்த தசைநாண் எது என்று உங்கள் கையிலேயே பார்க்கலாம். உள்ளங்கையை மேலே வைத்து, கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் ஒட்டுங்கள். அப்படியே மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறுபோல ஒன்று புடைத்து நிற்கிறதா? அதுதான். தெரியவில்லை என்றால் கவலை வேண்டாம், ஏறக்குறைய நூறில் 15 பேருக்கு அது பிறப்பிலேயே இருக்காது. இல்லாததால் கைக்கு ஒரு குறையும் வராது. அதனால்தான் அதை எடுத்து வேறு இடத்தில் வைக்க முடிகிறது. அது இல்லாத பிட்சருக்குத் தொடைப் பகுதியிலிருந்து எடுப்பார்கள்.

டாமி ஜானுக்கு உடனே எல்லாம் சரியாகவில்லை. நரம்பு பாதித்து விரல்கள் மடங்கிப்போயின, டிசம்பரில் இன்னொரு சிகிச்சை. 1975 முழுக்க ஆடவில்லை. 1976இல் திரும்பினார். 1977இல் 20 ஆட்டங்களை வென்றார். 1989 வரை, 46 வயது வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. இன்று மருத்துவர் ஜோப்பின் பெயரை ரசிகர்களில் பாதிப் பேர்தான் சொல்வார்கள். ஆனால் "அவனுக்கு டாமி ஜான்" என்றால் எந்தச் சின்னப் பையனுக்கும் புரியும். ஒரு மனிதரின் பெயரே சிகிச்சைக்குப் பெயராகிவிட்டது.

அதற்குப் பிறகு முறை நிறைய மாறிவிட்டது. லிகமென்ட் முழுவதும் கெட்டுப்போகாமல் எலும்போடு ஒட்டும் இடத்தில் மட்டும் கிழிந்திருந்தால், மாற்றாமல் தைத்து, மேலே ஒரு வலுவான நாடாவை வைத்துத் தாங்கல் கொடுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தும் செய்கிறார்கள். ஆனால் காத்திருப்பு மாறவில்லை. முழுச் சிகிச்சை என்றால் 12 முதல் 18 மாதம். முதல் சில வாரங்கள் கை கட்டில் இருக்கும். நாலைந்து மாதம் கழித்துத்தான் பந்தையே கையில் எடுப்பார்கள், அதுவும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் ஒருவருக்கு மெதுவாகத் தூக்கிப்போட. தூரத்தைக் கூட்டி, பிறகு மண்மேட்டில் ஏறி, பிறகு கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்கில் இரண்டு மூன்று இன்னிங்ஸ். இந்த ஒன்றரை வருடத்தை ஒரு 22 வயதுப் பையன் எப்படிக் கடக்கிறான் என்று யோசித்தால் எனக்கு மனசு கனக்கும். அணியோடு பயணம் கிடையாது, ஆட்டம் கிடையாது. தினமும் அதே அறை, அதே ரப்பர் பட்டை.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சை செய்தால் முன்பைவிட வேகமாக எறியலாம் என்று சில பெற்றோர்கள் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. ஒரு வருடம் உடம்பை முறையாகத் தேற்றியதில் சிலருக்கு வேகம் கூடியிருக்கலாம், புது நாரால் கூடவில்லை. திரும்பாதவர்களும் இருக்கிறார்கள், இரண்டாம் முறை கிழிந்தவர்களும் இருக்கிறார்கள். ஜேக்கப் டிகிராம் என்ற பிட்சர் 2010இல் மைனர் லீக் வீரராக இருந்தபோது ஒருமுறை இந்தச் சிகிச்சை செய்துகொண்டார். 2022 டிசம்பரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை 5 வருடத்துக்கு 185 மில்லியன் டாலருக்கு எடுத்தது. 2023இல் ஆறே ஆட்டம் ஆடினார், மறுபடி முழங்கை. அந்த வருடம் ரேஞ்சர்ஸ், சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றபோது அவர் ஓரத்தில் நின்று பார்த்தார்.

தோள் இன்னும் மோசம். முழங்கையில் ஒரு நாரை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிறது. தோள் நாலு திசையிலும் சுழலும் மூட்டு, அங்கே எதைத் தொட்டாலும் பழையபடி ஆவது கடினம். 2006இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய பிராண்டன் வெப், 2009 சீசனின் முதல் ஆட்டத்துக்குப் பிறகு, உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியவில்லை. அதனால்தான் ரசிகர்கள் "நல்லவேளை, முழங்கைதான்" என்று சொல்வதைக் கேட்பீர்கள். புதிதாகக் கேட்பவருக்கு அது இரக்கமில்லாத பேச்சாகத் தோன்றும். அவர்கள் மனதில் வெப் போன்றவர்கள் இருக்கிறார்கள்.

சரி, இப்போது அந்த டபுள்-ஏ பையனிடம் வருவோம்.

மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் கீழே நாலு படி: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. ஆக 120 மைனர் லீக் அணிகள், பெரும்பாலும் சிறு நகரங்களில். அமெரிக்கப் பள்ளி, கல்லூரி மாணவர்களை, அணிகள் முறைவைத்து ஆள் எடுக்கும் வருடாந்தர டிராஃப்ட் வழியாகவும், டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா போன்ற நாடுகளின் பையன்களை 16 வயதிலிருந்து ஒப்பந்தம் போட்டும் எடுத்து, இந்தப் படிகளில் ஏற்றி வளர்க்கிறார்கள். மேலே வருவான் என்று அணி கணக்குப் போட்டு வைத்திருக்கும் பையனுக்குத்தான் பிராஸ்பெக்ட் என்று பெயர். வீரர்களைத் தேடி ஊர் ஊராகப் போகும் ஸ்கவுட்டுகள் இவர்களுக்கு 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஒரு பையனின் ஃபாஸ்ட்பாலுக்கு 70 போட்டிருந்தால் ஊரே அவனைப் பற்றிப் பேசும்.

இவ்வளவு மதிப்பு ஏன் என்றால், பணக் கணக்கு. ஒரு வீரர் மேஜர் லீக்கில் ஆறு வருடம் பணி முடித்த பிறகுதான் பிடித்த அணிக்குப் போகலாம். அதுவரை அவர் அந்த அணியின் கையில்தான். முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும், 2025இல் அது 7,60,000 டாலர். நமக்கு அது பெரிய தொகை. ஆனால் அதே வேலையைச் செய்யும் அனுபவசாலிக்கு இரண்டு மூன்று கோடி டாலர் கொடுக்க வேண்டியிருக்கும். நல்ல பிராஸ்பெக்ட் ஒருவர் தேறிவிட்டால் அணிக்கு ஆறு வருடம் கவலை இல்லை.

தேறிவிட்டால்தான். ரசிகர்களிடம் ஒரு பழைய வழக்கு உண்டு: பிட்சிங் பிராஸ்பெக்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. பேட் பிடிக்கும் பையனை ஓரளவு நம்பலாம், பிட்சரை நம்பிக் கணக்குப் போடாதே என்று பொருள். 2009 டிராஃப்ட்டில் முதல் ஆளாக வாஷிங்டன் நேஷனல்ஸ் எடுத்த ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், 2010 ஜூன் 8 அன்று தன் முதல் மேஜர் லீக் ஆட்டத்தில் 14 பேரை ஸ்டிரைக்-அவுட் செய்தார். அப்படி ஒரு தொடக்கம் மிக அபூர்வம். ஆகஸ்ட் 21, ஃபிலடெல்ஃபியாவில் ஒரு சேஞ்சப், அதாவது வேகத்தைக் குறைத்து பேட்டரை ஏமாற்றும் பந்து, எறிந்தார். எறிந்த கையை உதறினார், முகம் சுளித்தது. அவ்வளவுதான். பிட்சர் கையை உதறும் அந்த ஒரு நொடியைப் பேஸ்பால் ரசிகர் யாரும் தவறவிடமாட்டார். செப்டம்பரில் டாமி ஜான் சிகிச்சை. திரும்பி வந்து 2019இல் உலகத் தொடரின் சிறந்த வீரர் ஆனார், 245 மில்லியன் டாலர் ஒப்பந்தமும் போட்டார். அந்த ஒப்பந்தத்தில் அவரால் ஆட முடிந்தது எட்டே ஆட்டம். ஆக, ஸ்ட்ராஸ்பர்க்கை எடுத்தது சரியா தவறா? உலகத் தொடர் கோப்பை கிடைத்ததே, சரி என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அந்தக் கோப்பைக்கு அவருடைய கை கொடுத்த விலை கொஞ்சமல்ல.

டிரேட் என்னும் வீரர் பரிமாற்றத்தைக் கால்பந்து டிரான்ஸ்ஃபர் மாதிரி நினைக்கக் கூடாது. ஒரு வீரருக்கு இவ்வளவு கோடி என்று பணம் கொடுத்து வாங்கும் வழக்கம் இங்கே இல்லை. வீரருக்கு வீரர்தான் கொடுக்க வேண்டும். வீரரின் சம்மதமும் பெரும்பாலும் தேவையில்லை. காலையில் ஓர் அணி, மாலையில் வேறோர் ஊர். ஜூலைக் கடைசியை ஒட்டி வரும் டெட்லைனுக்கு, அதாவது டிரேடுக்கான கடைசி நாளுக்கு முன்னால், கோப்பைக்குப் போட்டியிடும் அணிகள் தேர்ந்த பிட்சரைக் கேட்கும், தோற்றுக்கொண்டிருக்கும் அணிகள் அதற்குப் பதிலாக நாளைய பையன்களைக் கேட்கும். இந்த வருடத்தைக் கொடுத்து எதிர்காலத்தை வாங்குவது ஒரு பக்கம், எதிர்காலத்தைக் கொடுத்து இந்த வருடத்தை வாங்குவது மறுபக்கம்.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் 1987. டெட்ராய்ட் டைகர்ஸ் முதலிடத்துக்குப் போராடிக்கொண்டிருந்தது. அட்லாண்டா பிரேவ்ஸிடமிருந்து 36 வயதுப் பிட்சர் டாயில் அலெக்சாண்டரை வாங்கியது. கொடுத்தது 20 வயது மைனர் லீக் பிட்சர் ஜான் ஸ்மோல்ட்ஸை. மிச்சிகனில் வளர்ந்தவர், டைகர்ஸ்தான் அவருடைய சொந்த ஊர் அணி. அலெக்சாண்டர் வந்து 9 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. கடைசி நாளில் டைகர்ஸ் பிரிவில் முதலிடம் பிடித்தது. பிளே-ஆஃபில் தோற்றது. அலெக்சாண்டர் இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்றார். ஸ்மோல்ட்ஸ் 20 வருடம் பிரேவ்ஸுக்கு ஆடி, மொத்தமாக 213 வெற்றி, 154 சேவ் (முன்னிலையைக் கடைசிவரை காத்துக் கொடுப்பது) என்று, பெரும் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். டைகர்ஸ் ஏமாந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒன்பது வெற்றி இல்லாமல் அவர்கள் பிளே-ஆஃபுக்கே வந்திருக்க முடியாது. 20 வயதுப் பையனின் கை இருபது வருடம் தாங்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? அந்தக் கையும் முழுதாகத் தாங்கவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2023இல் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் கதை வலிக்கும் கதை. பந்தும் எறிந்து பேட்டும் பிடிக்கும் நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானியின் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது. அவரை ஜூலையிலேயே விற்றிருந்தால் பிராஸ்பெக்ட்களைக் குவித்திருக்கலாம். ஏஞ்சல்ஸ் விற்கவில்லை, எதிர்த்திசையில் போனது. தன் பிராஸ்பெக்ட்களில் இருவரைச் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்து லூகாஸ் ஜியோலிடோ, ரெய்னால்டோ லோபஸ் என்ற இரு பிட்சர்களை வாங்கியது. ஆகஸ்டில் அணி சரிந்தது. ஆகஸ்ட் 23 அன்று ஓட்டானியின் முழங்கை லிகமென்ட் கிழிந்தது, 2018இல் ஏற்கெனவே சிகிச்சை செய்த அதே முழங்கை. மாதம் முடிவதற்குள் ஜியோலிடோவையும் லோபஸையும் எந்த அணி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. இருவரும் கிளீவ்லாண்டுக்குப் போனார்கள். டிசம்பரில் ஓட்டானியும் டாட்ஜர்ஸுக்குப் போனார். இருந்தாலும் ஓட்டானியை விற்காததற்காக அந்த அணியை என்னால் திட்ட முடியவில்லை. பல வருடம் தோற்ற ரசிகர்களுக்கு ஒரு ஆகஸ்ட் மாத நம்பிக்கையாவது கொடுக்க நினைத்தார்கள்.

அடிபட்ட கையையே விலை கொடுத்து வாங்குவதும் உண்டு. பிட்சர் ஷேன் பீபர் 2024 ஏப்ரலில் டாமி ஜான் சிகிச்சை செய்துகொண்டவர். 2025 ஜூலை 31 அன்று, சிகிச்சைக்குப் பிறகு மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியாத நிலையில், டொராண்டோ புளூ ஜேஸ் தன்னுடைய ஒரு பிட்சிங் பிராஸ்பெக்டைக் கொடுத்து அவரை வாங்கியது. மூன்று மாதத்தில் உலகத் தொடரின் நாலாம் ஆட்டத்தில் ஓட்டானிக்கு எதிராக நின்று வென்றார். ஏழாம் ஆட்டத்தில் 11ஆவது இன்னிங்ஸில் கோப்பையைப் பறித்த ஹோம் ரன்னும் அவர் எறிந்த பந்தில்தான் போனது. ஒரே கை, இரண்டும்.

இப்படிக் கையை நம்பிப் பணமும் பையன்களும் கைமாறுவதால், மருத்துவப் பரிசோதனை முடியாமல் எதுவும் உறுதியாகாது. 2014 டிராஃப்ட்டில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் முதல் ஆளாக எடுத்த பிராடி ஏக்கன் 17 வயதுப் பள்ளி மாணவர். 65 லட்சம் டாலர் என்று பேச்சு முடிந்திருந்தது. பரிசோதனையில் அவருடைய முழங்கை லிகமென்ட் வழக்கத்தைவிடச் சிறியது என்று அணி கவலைப்பட்டு, தொகையைக் குறைத்தது. பையனுக்கு வலியே இல்லை. கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அடுத்த மார்ச்சில் அந்த லிகமென்ட் கிழிந்து சிகிச்சை நடந்தது. அவர் மேஜர் லீக்கை எட்டவே இல்லை.

இதற்கு நேர் எதிர்க் கதை ஒன்று உண்டு, எனக்குப் பேஸ்பாலில் மிகவும் பிடித்தது. 1996இல் ஆர்.ஏ. டிக்கி என்ற கல்லூரிப் பிட்சரை டெக்சஸ் ரேஞ்சர்ஸ் முதல் சுற்றில் எடுத்தது. 8,10,000 டாலர் பேசியாயிற்று. அமெரிக்க ஒலிம்பிக் அணிப் பிட்சர்களின் படம் ஒரு பத்திரிகை அட்டையில் வந்தது. அதில் டிக்கியின் கை மட்டும் வித்தியாசமாகத் தொங்குவதை ரேஞ்சர்ஸ் ஊழியர் ஒருவர் கவனித்தார். சோதித்துப் பார்த்தால் வலது முழங்கையில் அந்த லிகமென்ட்டே இல்லை! கதவுக் குமிழைத் திருகினால்கூட வலிக்க வேண்டும் என்று மருத்துவர் வியந்தார். 8,10,000 டாலர் 75,000 ஆனது. டிக்கி அதையும் வாங்கிக்கொண்டு ஆடினார். பத்து வருடத்துக்கு மேல் மேலும் கீழுமாக அலைந்து, நக்கிள்பால் என்ற விசித்திரப் பந்தைக் கற்றார். வேகம் குறைவு, சுழற்சியே கிடையாது, காற்றில் தத்தளித்துக்கொண்டு போகும். எறிபவருக்கே எங்கே விழும் என்று தெரியாது. 2012இல், 37 வயதில், நியூயார்க் மெட்ஸ் அணிக்காக 20 வெற்றி, சை யங் விருது.

அந்த டிசம்பரிலேயே மெட்ஸ் அவரை டொராண்டோவுக்கு டிரேட் செய்தது. பதிலுக்கு வந்தவர்களில் ஒருவர் 20 வயது நோவா சிண்டர்கார்ட். ஆறரை அடி உயரம், மணிக்கு 100 மைல் வேகம், எந்த ஸ்கவுட்டும் கனவு காணும் கை. 2015இல் மெட்ஸை உலகத் தொடர் வரை கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். 2020 மார்ச்சில் அவருக்கு டாமி ஜான் சிகிச்சை நடந்தது. கிழிய லிகமென்ட் இல்லாதவரைக் கொடுத்து, லிகமென்ட் உள்ளவரை வாங்கினார்கள்.

இந்தக் காயம் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்பதுதான் இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. 2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே ஓர் அறிக்கை வெளியிட்டது. மேஜர், மைனர் இரண்டையும் சேர்த்து 2010இல் 104ஆக இருந்த டாமி ஜான் சிகிச்சைகள் 2024இல் 281 ஆகியிருந்தன. ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008இல் மணிக்கு 91.3 மைல், 2024இல் 94.2 மைல். முன்பெல்லாம் பிட்சர் ஏழெட்டு இன்னிங்ஸ் தாக்குப்பிடிக்கத் தன் பலத்தைச் சேமித்து எறிவார். இன்று ஐந்து இன்னிங்ஸ் போதும், ஒவ்வொரு பந்தையும் முழு மூச்சாக எறி என்கிறார்கள். வேகத்தையும் சுழற்சியையும் கருவி அளக்கிறது, அளந்த எண்ணுக்குச் சம்பளம் கிடைக்கிறது. பையன்களைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. 88 மைல் எறிபவனை எந்த ஸ்கவுட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதெல்லாம் கோடி டாலர் வீரர்களோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் நடந்த இந்தச் சிகிச்சைகளை ஆராய்ந்தவர்கள், பாதிக்கு மேல் 15 முதல் 19 வயதுக்காரர்களுக்கே நடந்ததைக் கண்டார்கள். பனிக்காலத்தில் பேஸ்பாலை மூட்டை கட்டிவிட்டுக் கூடைப்பந்து ஆடிய காலம் போய்விட்டது. இப்போது பள்ளி அணி, ஊர் ஊராகப் போகும் கிளப் அணி, ஸ்கவுட்டுகளுக்கு முன்னால் எறிந்து காட்டும் முகாம் என்று வருடம் முழுக்க ஓய்வே இல்லை. வருடத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் எறியும் சிறுவர்களுக்குக் கடுமையான காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று பத்து வருட ஆய்வு ஒன்று சொல்கிறது. எத்தனை பிராஸ்பெக்ட்கள் டிராஃப்ட்டுக்கு வரும்போதே பாதி தேய்ந்த லிகமென்ட்டோடு வருகிறார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

ஜான் ஸ்மோல்ட்ஸுக்கும் முழங்கை போனது, 2000ஆம் ஆண்டில். டாமி ஜான் சிகிச்சை செய்துகொண்டு திரும்பி, கடைசி இன்னிங்ஸ் எறியும் குளோசராக மாறி, 2002இல் 55 சேவ் எடுத்தார். இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பிட்சர்களில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன முதல் ஆள் அவர்தான். 2015இல் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் மேடை ஏறிய அவர், தன் பெருமையைப் பேச வேண்டிய நேரத்தில் ஒரு பகுதியைப் பெற்றோர்களுக்காக ஒதுக்கினார். 14, 15 வயதில் இந்தச் சிகிச்சை செய்துகொள்வது இயல்பானதல்ல, உங்கள் பிள்ளைகளை வேறு விளையாட்டுகளும் ஆட விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அதற்கு முந்தின வருடமே மேஜர் லீக்கும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சிறுவர்களுக்கான எண்ணிக்கை வரம்பை வெளியிட்டிருந்தன. 9, 10 வயதில் ஒரு நாளைக்கு 75 பந்து, 11, 12 வயதில் 85, 13 முதல் 16 வரை 95. எறிந்த எண்ணிக்கைக்கு ஏற்ப அடுத்த நாள்களில் ஓய்வு. கட்டாயச் சட்டம் இல்லை, வழிகாட்டிதான்.

அடுத்தமுறை ஆட்டம் பார்க்கும்போது திரையின் ஓரத்தைக் கவனியுங்கள். பிட்சரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எண், ஒவ்வொரு பந்துக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். 90ஐ நெருங்கும்போது கேமரா மைதானத்தின் மறுமூலைக்குத் திரும்பும். அங்கே மாற்றுப் பிட்சர்கள் தயாராகும் புல்பென்னில் ஒருவர் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மெதுவாகக் கையைச் சுழற்றிக்கொண்டிருப்பார்.